தண்ணிப் பொட்டி வாங்கின கதை, கூடவே கொஞ்சம் சரித்திரம்

தலைப்புல 'தண்ணி'யைப் பார்த்துட்டு வேற ஏதோ நினைச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது கம்ப்யூட்டருக்கு ஊத்துற தண்ணி. ஊத்துறதுன்னா தலையில ஊத்துறது இல்லை, குழாய் வழியா உள்ளே சுத்த விடுறது :-)

விஷயம் இதுதான். நான் இருக்கிறது ஸ்டுட்கார்ட்ல, ஃபைஹிங்கன் பக்கம் ஒரு மாணவர் விடுதி. அறை 13 சதுர மீட்டர். கட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஆய்வறிக்கைக்காக, குழாய்க்குள்ள திரவம் எப்படி ஓடுதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு கணக்கு முடிய எட்டொன்பது மணி நேரம் ஆகும். பகல்ல மத்த ஆணி பிடுங்கணும், அதனால கணக்கு ராத்திரியிலதான் ஓடும். ஓடும்போது பொட்டி மாவு மில் மாதிரி கத்தும். பக்கத்து அறைப் பையன் ரெண்டு தடவை சுவத்தைத் தட்டினான். மூணாவது தடவை விடுதி நிர்வாகத்துக்கிட்ட இருந்து காகிதமே வந்துடுச்சு. கணக்கை நிறுத்தினா ஆய்வறிக்கை நிக்கும். ஓட விட்டா என் தூக்கமும் போகும், அறையும் போகும்.

சரி, வாட்டர் கூலிங் போட்டுடலாம்னு முடிவு பண்ணினேன். முதல்ல ரேடியேட்டர் வாங்கினேன். அப்புறம் படத்துல பார்க்க நல்லா இருந்த ஒரு கண்ணாடி கேபினெட் வாங்கினேன். (ரிச்சி ஸ்ட்ரீட் பாஷையில கேபினெட்தானே, இங்க 'கெஹோய்ஸ'ங்கிறாங்க.) மேல் பக்கம் மூணு ஃபேனுக்கு ஓட்டை இருந்தது, பார்த்து சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினா, ரேடியேட்டர் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக மொத்தம் 55. கூரைக்கும் மெமரி குச்சிக்கும் நடுவுல இருந்ததோ 47. எட்டு மி.மீ.ல கதை முடிஞ்சது. வந்த விலைக்கு வித்துட்டு, 40 யூரோ நஷ்டத்தோட உட்கார்ந்திருந்தேன். குழாய்க்குள்ள ஓடுற திரவத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவனுக்கு, சொந்தப் பொட்டிக்குள்ள ஒரு குழாய் விடத் தெரியலை!

அந்த நேரத்துல இங்க எனக்கு ரொம்ப முன்னாடி படிச்ச சீனியர் அண்ணன் ஒருத்தர் போன் பண்ணினார். "தம்பி, வீடு மாத்துறேன். நிலவறையில என் பழைய பொட்டி கிடக்கு. தண்ணி போடுறதுக்குன்னே நானே வெட்டினது. வேணும்னா வந்து எடுத்துக்க"ன்னார். வெட்டினதா? கேபினெட்டை ஏன் வெட்டணும்? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுதான் கீழே வர்ற சரித்திரம்.

ரூம் அளவுக்கு ஒரு பொட்டி

கம்ப்யூட்டருக்குத் தண்ணி விடுறது ஏதோ விளையாட்டுப் பிள்ளைங்க கண்டுபிடிச்ச ஆடம்பரம்னுதான் நான் நினைச்சிருந்தேன். தப்பு. பெரிய இயந்திரங்கள்ல அது பழைய பழக்கம்.

1976ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குப் போன க்ரே-1 இயந்திரம் ஐந்து டன்னுக்கு மேல் எடை. சுமார் 115 கிலோவாட் மின்சாரம் குடிக்கும். அதைக் குளிர வைத்தது ஃப்ரீயான், அதாவது அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் ஓடின அதே சமாச்சாரம். மேலிருந்து பார்த்தால் 'சி' எழுத்து மாதிரி வளைந்த கோபுரம், அதைச் சுத்தி உட்கார்றதுக்கு மெத்தை போட்ட பெஞ்சு. நம்ம ஊர் அரசமரத்து மேடை மாதிரி. அந்த பெஞ்சுக்கு அடியிலதான் பவர் சப்ளை எல்லாம் இருந்தது. 1985ல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேல. சர்க்யூட் பலகைகளையே மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினெர்ட் திரவத்துல முக்கி வெச்சுட்டாங்க. எங்க ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திலும் 1980களில் ஒரு க்ரே-2 இருந்தது. நான் மாவு மில்லோட மல்லுக்கட்டுற இதே ஊர்ல!

ஐ.பி.எம். வேற வழியில போச்சு. 1980ல் அறிவிச்ச 3081 இயந்திரத்துல நூத்துக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே பெட்டகத்துல அடைச்சாங்க. ஒவ்வொரு சில்லு மேலயும் ஸ்பிரிங் வெச்ச ஒரு குட்டி பிஸ்டன் அழுத்திக்கிட்டு இருக்கும். இடைவெளியில ஹீலியம். பிஸ்டன் மேல ஏறி வர்ற சூட்டை, பெட்டகத்தோட மூடி மேல ஓடுற தண்ணி வாங்கிக்கிட்டுப் போகும். தண்ணி சில்லைத் தொடவே தொடாது. இன்னைக்கு என் மேசை மேல இருக்கிற வாட்டர் பிளாக்கும் அடிப்படையில இதே வேலையைத்தான் செய்யுது.

இங்க ஒண்ணைக் கவனிங்க. இந்த இயந்திரங்கள்ல முதல்ல சூடு எங்கே போகும்னு யோசிச்சாங்க. அப்புறம்தான் அதுக்கேத்த மாதிரி வெளிக்கூட்டைக் கட்டினாங்க. நான் செஞ்சது இதுக்கு நேர் எதிர்.

63.5 வாட் காலம்

1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தப்போ அதோட பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். (என் கிராபிக்ஸ் கார்டு மட்டும் இப்போ அதைப்போல மூணு மடங்கு தின்னுது.) உள்ளே இருந்த 8088 சில்லுக்கு ஹீட்சிங்க்கூடக் கிடையாது, வெறும் உடம்போட உட்கார்ந்திருந்தது. சூடே இல்லாதப்போ சூட்டைப் பத்தி யார் கவலைப்படுவாங்க? கேபினெட்னா தகர டப்பா, அவ்வளவுதான்.

1993ல் முதல் பென்டியம் சுமார் 15 வாட்டோட வந்தப்போ ஹீட்சிங்க், குட்டி ஃபேன் எல்லாம் கட்டாயமாச்சு. 1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அளவுமுறையைக் கொண்டு வந்தது. மதர்போர்டோட திருகு ஓட்டை எங்கே, பின்பக்கத்து வாசல் எங்கேன்னு அதுதான் தீர்மானிச்சது. நம்ம எஸ்.எம்.பி.எஸ். மேல் பின் மூலையில, சில்லுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்தது. முதல்ல சொன்ன யோசனை, எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் வெளிக்காத்தை உள்ளே இழுத்து சில்லு மேல ஊதணும்கிறது. ஏற்கனவே எஸ்.எம்.பி.எஸ்.ல சூடான காத்தை வெச்சு சில்லைக் குளிர வைக்கிறது சரிப்படலை. அப்புறம் திசையை மாத்தி வெளியே ஊத விட்டாங்க.

மொத்தத்துல இது காத்துக்காகக் கட்டின வீடு. தண்ணிக்குன்னு அதுல ஒரு அறைகூட இல்லை.

ரம்பம் பிடிச்ச கைகள்

1998 ஆகஸ்டுல இன்டெல்லின் செலரான் 300ஏ வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100க்கு ஏத்தினா, 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450ல ஓடும். காசில்லாத மாணவனுக்கு இது லாட்டரி. உலகம் முழுக்க ஓவர்கிளாக்கிங் பைத்தியம் பிடிச்சது. வேகம் ஏற ஏற சூடும் ஏறுச்சு, சூடு ஏற ஏற ஃபேன் சத்தமும் ஏறுச்சு. 2004ல் வந்த ப்ரெஸ்காட் பென்டியம் 4 சில்லுகள்ல சில 100 வாட்டைத் தாண்டிடுச்சு.

அப்போ வாட்டர் கூலிங் சாமான் கடையில பெரிசா கிடைக்காது. இருந்ததை வெச்சு ஒப்பேத்தினாங்க. அமெரிக்காவுல செவ்ரலே செவெட் மாதிரி பழைய கார்ல, உள்ளே உட்கார்றவங்களுக்கு வெந்காத்து அனுப்புற குட்டி ரேடியேட்டரைக் கழட்டிக்கிட்டு வந்தாங்க. ஜெர்மனியில மீன் தொட்டி பம்ப். குறிப்பா ஏஹைம் நிறுவனத்தோட 1046, 1048 ரகம். ஒண்ணு மணிக்கு 300 லிட்டர், இன்னொண்ணு 600 லிட்டர் தள்ளும். ஆனா அது 230 வோல்ட்ல ஓடுறது. சுவத்து பிளக்ல தனியா சொருகணும். கம்ப்யூட்டரைப் போட்டுட்டு பம்பைப் போட மறந்தா முடிஞ்சது. அதனால ரெண்டும் சேர்ந்து ஓட ஒரு ரிலே வெச்சுக்குவாங்க. பின்னாடி 12 வோல்ட்ல ஓடுற லைங் பம்புகள் வந்தப்புறம்தான் இந்தத் தலைவலி போச்சு. லைங்கும் வீட்டு வெந்நீர்க் குழாய்ல தண்ணியைச் சுத்த விடுற பம்ப் செஞ்சுக்கிட்டிருந்த கம்பெனிதான். ஏஹைம் இருக்கிற டைஸிசாவ், லைங் இருந்த ரெம்செக் ரெண்டுமே நெக்கர் ஆத்தங்கரை ஊர்கள். எங்க ஸ்டுட்கார்ட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மீன் தொட்டிக்கும் வெந்நீருக்கும் செஞ்ச பம்ப், இந்த ஆத்தங்கரையில இருந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்ள போயிருக்கு.

பம்ப் கிடைச்சது, ரேடியேட்டர் கிடைச்சது. வைக்க இடம்தான் இல்லை. மேல் பின் மூலையில எஸ்.எம்.பி.எஸ்., முன்னாடி மேல சி.டி. டிரைவ் மாட்டுற அடுக்கு, முன்னாடி கீழ ஹார்டு டிஸ்க் கூண்டு. அதனால ரம்பம் எடுத்தாங்க.

அண்ணனோட பொட்டியை லுட்விக்ஸ்புர்க்ல அவர் வீட்டு நிலவறையில பார்த்தேன். சீஃப்டெக் பெரிய டவர், இரும்பு, முன்னாடி பூட்டு போட்ட கதவு. தனியா தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். 2005ல் இதே ஃபைஹிங்கன் விடுதியோட சைக்கிள் நிறுத்துற இடத்துல வெச்சு, இரவல் வாங்கின ஜிக்-சா மெஷின்ல கூரையை வெட்டியிருக்கார். 120 மி.மீ. ஃபேன் ரெண்டு உட்கார்ற அளவு. கோடு கொஞ்சம் கோணல். அரத்தால ராவியும் விளிம்பு கையைக் கிழிச்சதாம், அதனால தோட்டத்து ரப்பர் குழாயை நீளவாக்குல கீறி விளிம்பு பூரா மாட்டியிருந்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு முன்னாடி மிச்சமிருந்த இடத்துல ரேடியேட்டர் உட்கார, சி.டி. டிரைவ் அடுக்குல மேல் அறையைக் காவு கொடுத்திருக்கார்.

"பயமா இல்லையாண்ணே?"

"இருந்துச்சுடா. ரெண்டு மாச பார்ட் டைம் காசு அது. வெட்டுறப்போ கை நடுங்கினதாலதான் கோணலாப் போச்சு."

குடித்தனக்காரங்க காலி பண்ணினாங்க

அப்புறம் நிலைமை எப்படி மாறுச்சு? கேபினெட் கம்பெனிக்காரங்க ஒரு நாள் காலையில ஞானம் வந்து தண்ணிக்கு இடம் விட்டாங்கன்னு சொல்ல முடியாது. கூலன்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் 2000களின் தொடக்கத்துலேயே தண்ணி வசதியோட கேபினெட் வித்தது உண்மை. ஸால்மன் கம்பெனி 2.5 லிட்டர் பிடிக்கிற நீலக் கோபுரம் ஒண்ணைப் பொட்டிக்கு வெளியவே நிக்க வெச்சுது. ஆப்பிள் 2004ல் பவர் மேக் ஜி5 உயர் ரகத்துல திரவக் குளிர்ச்சி வெச்சது. அதுல சிலது பின்னாடி ஒழுகவும் செஞ்சது. இன்டெல் தன் பங்குக்குக் காத்தோட்டத்தையே மாத்தி பி.டி.எக்ஸ்.னு புது அளவுமுறை கொண்டு வந்து, 2006ல் கைவிட்டது. சில்லுகளே சூடு குறைஞ்சு வர ஆரம்பிச்சதும் அதுக்குத் தேவை இல்லாமப் போச்சு.

உண்மையான மாற்றம் வேற மாதிரி வந்தது. பொட்டிக்குள்ள குடியிருந்தவங்க ஒவ்வொருத்தரா இடத்தைக் காலி பண்ணினாங்க.

முதல்ல எஸ்.எம்.பி.எஸ். 2005ல் வந்த ஆன்டெக் பி180 அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்குச்சு. நோக்கம் தண்ணி இல்லை, சத்தத்தைக் குறைக்கிறதுதான். ஆனா கூரை காலியாச்சு. 2009ல் கோர்செர் தன் முதல் கேபினெட்டான 800டியை, கூரையில மூணு 120 மி.மீ. ரேடியேட்டருக்கு இடத்தோட வித்தது. அதே வருஷம் டென்மார்க்கின் ஆஸ்டெக் தயாரிச்ச ஹெச்50ஐக் கோர்செர் தன் பேர்ல கொண்டு வந்தது. பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே அடைச்சு வந்தது. பின்பக்கத்து 120 ஃபேன் ஓட்டையில மாட்டினா போதும், ரம்பம் வேண்டாம். 2011ல் அதோட இரட்டை அளவு ஹெச்100 வந்தது. அதுக்கப்புறம் 240 கூரையில சேருமான்னு வாங்குறவன் கேட்க ஆரம்பிச்சான், கம்பெனிக்காரனும் அட்டைப் பெட்டியில எழுத ஆரம்பிச்சான்.

ரெண்டாவது, சி.டி. டிரைவ். பாட்டும் படமும் இணையத்துக்குப் போனதும் அந்த அடுக்கு தேவையில்லை. 2014ல் என்.இஸட்.எக்ஸ்.டி. ஹெச்440 அதை அடியோட எடுத்துடுச்சு. முன்பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் ரேடியேட்டருக்கு வழி கிடைச்சது. மூணாவது, ஹார்டு டிஸ்க். அது மதர்போர்டு மேலயே சொருகுற விரல் நீளக் குச்சியாச்சு, கூண்டும் போச்சு. 2018ல் லியன் லி ஓ11 டைனமிக் வந்தப்போ எஸ்.எம்.பி.எஸ். தனி அறையில, மெயின் அறையில மூணு 360 ரேடியேட்டருக்கு இடம். அதே 2018ல்தான், தண்ணிக்காரங்களுக்குன்னே பொட்டி செஞ்ச அமெரிக்காவின் கேஸ்லாப்ஸ் கம்பெனி மூடுச்சு. எல்லாப் பொட்டியிலயும் தண்ணிக்கு இடம் வந்துட்ட காலத்துல, தண்ணிக்குன்னே பொட்டி செஞ்சவங்க இல்லை.

அண்ணன் ரம்பத்தால உண்டாக்கின காலி இடம், பத்துப் பன்னிரண்டு வருஷத்துல தானா கிடைக்க ஆரம்பிச்சது.

சரி, நான் என்ன வாங்கினேன்?

அண்ணனோட பொட்டியைத்தான் எடுத்துக்கணும்னு மனசு சொல்லுச்சு. 1995 அளவுமுறைங்கிறதால இன்னைக்கு மதர்போர்டும் அதுல அப்படியே உட்காரும், அது வேற ஆசையைக் கிளப்பிச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "டேய், அந்த ஓட்டை என் சூட்டுக்கு வெட்டினது. உன் சூடு எவ்வளவு? முதல்ல கணக்குப் போடு. சேரலைன்னா சென்டிமென்ட் பார்க்காத"ன்னார்.

கணக்குப் போட்டேன். புரொசஸர் சுமார் 140 வாட், கிராபிக்ஸ் கார்டு 200க்கு மேல. ஆக 350 வாட். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி ஓடினா, இவ்வளவு சூடும் சேர்ந்து அதை ஒரு சுத்துக்கு அஞ்சு டிகிரிதான் ஏத்தும். அதனால தண்ணி பிரச்சனையே இல்லை. தண்ணி வெறும் சுமைகூலி. சுமையை இறக்கி வைக்கிற இடம் ரேடியேட்டர். ஒரு 120 மி.மீ. ஃபேன் பரப்புக்கு 100 வாட்னு ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க. சத்தம் வேண்டாம்னா அதுல பாதின்னு வெச்சுக்கணும். அப்படின்னா எனக்கு ஆறேழு ஃபேன் பரப்பு வேணும். அண்ணனோட ஓட்டையில ரெண்டுதான். அவரோட பழைய சில்லுக்கு அது ராஜ வாழ்க்கை. எனக்குப் பத்தாது.

கடைசியில பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட 60 யூரோவுக்கு ஒரு கேபினெட் எடுத்தேன். கண்ணாடி அழகெல்லாம் இல்லை. முன்பக்கம் சல்லடைத் தகடு, மேல ஒரு 360, முன்னாடி ஒரு 360. இந்தத் தடவை இஞ்ச் டேப்போட போனேன். நீங்க வாங்கப் போனாலும் இதையெல்லாம் அளந்துக்குங்க:

- 360 ரேடியேட்டர்னா நீளம் 360 இல்லை. ரெண்டு முனையிலயும் தண்ணி திரும்புற தொட்டி சேர்த்து 390ல இருந்து 400 வரைக்கும் வரும். குழாய் வளையவும் இடம் வேணும்.
- கூரைக்கும் மெமரி குச்சிக்கும் நடுவுல எவ்வளவு? 30 மி.மீ. ரேடியேட்டர் + 25 மி.மீ. ஃபேன் = 55. இது என் 40 யூரோ பாடம்.
- முன்னாடி ரேடியேட்டர் வந்தா, கிராபிக்ஸ் கார்டு நீளத்துல அதே 55ஐக் கழிச்சுப் பாருங்க.
- முன்பக்கம் காத்து போகுமா? கண்ணாடியால மூடின முகத்துக்குப் பின்னாடி ரேடியேட்டர் வெச்சா, போர்வைக்குள்ள விசிறி வெச்ச மாதிரிதான்.
- தண்ணியை மாத்தும்போது வடிக்கிறதுக்கு வழி எங்கே? வாங்கும்போது யாரும் இதை யோசிக்கிறதில்லை.

எல்லாம் மாட்டி, மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காம பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட விட்டேன். இணைப்பு ஒவ்வொண்ணுக்கும் அடியில டாய்லெட் பேப்பர். மூணாவது மணி நேரத்துல ஒரு பேப்பர் நனைஞ்சது. உள்ளே ரப்பர் வளையம் சரியா உட்காரலை, தப்பு என்னுதுதான். கழட்டி மாட்டினேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. இப்போ முழு வேகத்துல கணக்கு ஓடும்போதும் ஃபேன் எல்லாம் நிமிஷத்துக்கு 600 சுத்துதான் சுத்துது. நாலு நாள் கழிச்சு சமையலறையில பார்த்த பக்கத்து அறைப் பையன், "ஊருக்குப் போயிட்டியா, அறையில சத்தத்தையே காணோம்?"னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன். கணக்கும் ஓடுச்சு.

சீஃப்டெக்கை என்ன பண்ணினீங்கன்னு அண்ணனைக் கேட்டேன். குப்பைக்குப் போட்டிருப்பார்னுதான் நினைச்சேன். அண்ணி திட்டத் திட்ட புது வீட்டு நிலவறைக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாராம். எனக்கு மட்டும் சென்டிமென்ட் பார்க்காதன்னு உபதேசம்!

டிஸ்கி: உங்கள்ல யாராவது அந்தக் காலத்துல கேபினெட்டை வெட்டினவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எதை வெச்சு வெட்டினீங்க, விளிம்புக்கு என்ன மாட்டினீங்க? தோட்டத்துக் குழாயை மிஞ்ச முடியுமான்னு பார்ப்போம்.